போதும் வட்டம்

மனைவி சௌந்தரம் போதும் வட்டத்தில் சேர்ந்த பிறகு வைத்திலிங்கம் கொஞ்சம் இளைத்துப்போனார். வியாதி ஒன்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாம் கரண்டிக்கே கையை நீட்டி மறித்து "போதும்" என்று சொல்வது அவருடைய பழக்கம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். சொன்னதும் நிறுத்திவிடுகிறவளை அங்கே யாரும் நல்ல வீட்டில் பிறந்தவள் என்று சொல்லமாட்டார்கள். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். போதும் போதும் என்றால் அரைக் கரண்டி. இலையை மடித்தால்தான் நிஜமாகவே போதும். சௌந்தரமும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதில் தவறியவள் இல்லை. இப்போதோ அவர் வாயிலிருந்து சொல் விழுந்ததும் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் தன் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறாள்.

"என்னாடி, அவ்ளோதானா?"

"நீங்கதான போதும்னீங்க."

"அது வாயில வர்றது. அதப் போயி பெருசா எடுத்துக்குவாங்களா?"

"எங்க வட்டத்துல ஒருத்தர் போதும்னா போதும்தான். அதுக்கு மேல ஊத்தறது அவுரு பேச்ச மதிக்காத மாதிரின்னு சொல்றாங்க."

"பசிக்குதுடி."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேளுங்க."

கட்டிய பெண்டாட்டியிடம் சோறு கேட்டு வாங்கித் தின்பதா என்று வைத்திலிங்கத்துக்கு வீம்பு. கையைக் கழுவிக்கொண்டு போய், பானையில் கிடக்கும் வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார்.

சௌந்தரம் அந்த வட்டத்தில் போய் விழுந்தது ஒரு பையால். கருவாடு வாங்குவதற்குக் கடலூர் முதுநகர் போனவள் பை எடுத்துப்போக மறந்துவிட்டாள். கடைக்காரியிடம் கேரி பேக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற நரைத்தலைக்காரர் ஒருவர் பழைய பேன்ட் துணியில் தைத்த பை ஒன்றை நீட்டினார். அவர் பெயர் லூர்துசாமி. ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், ஜங்ஷனுக்குப் பின்னால் வீடு.

"வச்சிக்கிங்கம்மா. ரெண்டாவது ஞாயித்துக்கெழம போதும் வட்டம்னு நாங்க நாலு பேரு எங்க வூட்டுல கூடுவோம். அன்னிக்கி வந்து திருப்பிக் குடுத்துடுங்க."

ஊரான் பொருள் வீட்டில் இருந்தால் சௌந்தரத்துக்குத் தூக்கம் வராது. பையைத் துவைத்து மடித்து, வெறும் பையாகக் கொடுக்கக் கூடாது என்று அதில் நாலு முருங்கைக்காயும் போட்டுக்கொண்டு சொன்ன ஞாயிற்றுக்கிழமை போய் நின்றாள். உள்ளே பள்ளிக்கூட வாத்தியார்கள், பாங்கில் வேலை பார்க்கிற பெண், தாழங்குடாவிலிருந்து வந்த மீன்காரப் பெண்கள் என்று பத்துப்பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் டம்ளரை அவரவரே கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் இல்லை, மைக் இல்லை, மாலை இல்லை. "இந்த மாசம் எதைக் கொறச்சீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஒருவர் ஸ்கூட்டரை விற்றுவிட்டு சைக்கிள் வாங்கியதைச் சொன்னார். மீன்காரப் பெண் ஒருத்தி, கேரி பேக் கேட்காமல் கூடையோடு வரும் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு மீன் கூடுதலாகப் போடுவதைச் சொன்னாள். சௌந்தரத்தின் முறை வந்தபோது, "எங்க வூட்டுல கொறைக்கறதுக்கு என்னா இருக்குது" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த மாதமும் போனாள்.

"எங்க அப்பன் காலத்துல நாங்களும் இப்பிடித்தான் இருந்தோம்" என்றார் வைத்திலிங்கம். "மண் சட்டி, ஒட்டுத் துணி, நடந்தே பண்ருட்டி. அப்ப அதுக்கு வறுமைன்னு பேரு. இப்ப அதுக்கு மாசா மாசம் கூட்டம் போடறீங்க."

"அது இல்லாம இருந்தது. இது இருந்தும் வேணாங்கறது."

"ரெண்டுலயும் வயிறு காலிதான்."

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் வளைந்துகொடுத்தார். கரும்பு வெட்டி முடிந்ததும் கொல்லையில் கிடக்கும் காய்ந்த தோகையான சோகையைக் கொளுத்திவிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு காணியில் மட்டும் கொளுத்தாமல், சால் சாலாகப் பரப்பி மூடிவிடச் சொன்னாள் சௌந்தரம். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள், எலி அடையும், பாம்பு சேரும் என்று சொல்லிச் சிரித்தார்கள். எலியும் அடைந்தது, ஒரு சாரைப்பாம்பும் வந்தது. ஆனால் சித்திரை வெயிலில் அந்தக் காணி மட்டும் தண்ணீர் பாய்ச்சிய ஈரம் போகாமல் இருந்தது. வைத்திலிங்கம் அதைப் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் இரண்டாவது காணியையும் கொளுத்தாமல் விட்டார்.

சிதம்பரத்தில் இருந்த அவருடைய அக்கா தில்லையம்மாள் இதில் சேர்ந்ததுதான் பெரிய கூத்து. புருஷனை இழந்து மகன் செந்தமிழ்செல்வன் வீட்டில் இருந்தாள். செந்தமிழ்செல்வன் மேலவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். வீட்டு முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். தம்பி வீட்டுக்கு வந்தவள், சௌந்தரத்தோடு முதுநகருக்குப் போய் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அந்த மாதம் வட்டத்தில் துணி மாற்றிக்கொள்ளும் நாள். கட்டாமல் பெட்டியில் கிடக்கும் துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். தில்லையம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் தெருப் பெண்களைச் சேர்த்து, மாதம் ஒருமுறை வீட்டுப் பின்கட்டில் அதையே ஆரம்பித்துவிட்டாள். மகன் முன்பக்கம் புதுச்சேலையை உதறிக் காட்டிக்கொண்டிருக்க, அம்மா பின்பக்கம் பழைய சேலையை மாற்றிக்கொண்டிருந்தாள். இனிமேல் புதுத்துணி கட்டுவதில்லை என்று வேறு சொல்லிவிட்டாள்.

"மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று செந்தமிழ்செல்வன் போனில் அழாத குறையாகக் கேட்டான். "ஜவுளிக்கடக்காரன் அம்மா ஒட்டுப்போட்ட சேலையோட கோயிலுக்குப் போவுது. என் பொழப்புலயே மண்ணள்ளிப் போடுது."

"உங்க அத்தகிட்ட கேளு. அவதான் ஆள் புடிக்கறா" என்று போனைச் சௌந்தரத்திடம் கொடுத்துவிட்டு நழுவினார் வைத்திலிங்கம்.

அந்த வருஷம் மாசி மகத்துக்குத் தில்லையம்மாள் ரயிலேறி வந்தாள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வருகிற நாள். வட்டத்துக்காரர்கள் மணலில் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, பானைகளில் தண்ணீர் வைத்து, வருகிறவர்களிடம் பிளாஸ்டிக் கவர்களை வாங்கிச் சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி பார்க்க வந்த வைத்திலிங்கத்தைப் பானைக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்திவிட்டார் லூர்துசாமி. வெயில் ஏறியதும் புருஷனும் பெண்டாட்டியும் அக்காவும் பந்தலில் உட்கார்ந்தார்கள். தில்லையம்மாள் சௌந்தரத்தின் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். சௌந்தரம் அன்றைக்குக் கட்டியிருந்தது நீலக் கைத்தறிச் சேலை, துவைத்துத் துவைத்து வெளுத்தது.

"வைத்தி, ஒண்ணு சொல்றேன், கேளு. நான் போனா நீ கோடி எடுத்தாராத."

கோடி என்றால் தண்ணீர் படாத புதுச்சேலை. ஒருத்தி செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். அது வராமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள்.

"சாமி வர்ற நேரத்துல என்னாக்கா பேச்சு இது?"

"சாமிக்கு முன்னால சொன்னாத்தான நீ கேப்ப. உன் மாமா போனப்ப பார்த்தியில்ல? எவ்ளோ வேட்டி, எவ்ளோ துண்டு. ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போட்டது மூடிச்சி. கடைசில அவுரு மூஞ்சே தெரியல. எனக்கு அதெல்லாம் வேணாம்டா. ஒடுத்தன துணி ஒண்ணு இருந்தா போதும்."

"பழசுன்னா அது எப்பிடிக் கோடி ஆவும்? ஊரு என்னா சொல்லும், பொறந்தவூட்டுல ஒரு சேலைக்கு வக்கில்லன்னு சொல்லாதா?"

"ஊரு சொல்றது எனக்குக் கேக்கவா போவுது?"

வைத்திலிங்கத்துக்கு இந்தப் பேச்சில் உட்காரப் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பிடிக்குமே என்று அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்க எழுந்து போனார். திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த பொங்கல் வந்தது. அக்காவுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோவதை அவர் எந்த வருஷமும் விட்டதில்லை. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புது அரிசி, வெல்லம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சேலை. இந்தமுறை சேலை வேண்டாம் என்றாள் சௌந்தரம்.

"அண்ணிதான் புதுசு கட்டறதில்லன்னு சொல்லிட்டாங்களே. எடுத்துப்போயி அவுங்கள ஏன் சங்கடப்படுத்தணும்?"

சரி என்று அவரும் விட்டுவிட்டார். சிதம்பரத்தில் தில்லையம்மாள் பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பையை மடித்தாள். பிறகு மடித்த பையை மறுபடி விரித்து உள்ளே பார்த்தாள். கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினாள். அப்புறம் நிமிர்ந்து, "எல்லாம் நெறைய இருக்குதுடா. போதும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு வைத்திலிங்கத்துக்கு முள்ளாகக் குத்தியது. வாய் ஆயிரம் சொல்லும், பிறந்த வீட்டுச் சேலையை எந்தப் பெண் வேண்டாம் என்பாள்? அந்தப் போதும் அவருக்குத் தெரிந்த போதும். இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தமுள்ள போதும். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அக்காவை வெறும் பையைத் துழாவவைத்துவிட்டோமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அடுத்த பொங்கலுக்குப் பட்டாகவே எடுத்துவிடவேண்டும் என்று முடிவுசெய்துகொண்டார். சௌந்தரத்திடம் மூச்சுவிடவில்லை.

பங்குனியில் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்தது. ஆலைக்காரர்கள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, கரும்பு பூவெடுத்துக் காய்கிற சமயத்தில் அனுப்பினார்கள். விடிவதற்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அடியோடு வெட்டி, சோகை உரித்து, நுனியிலிருக்கும் கொழுந்தாடை கழித்து, கட்டுக் கட்டி, டிராக்டர் டிப்பரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வைத்திலிங்கம் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் இருந்த செல்போன் அடித்தது.

"மாமா" என்றான் செந்தமிழ்செல்வன். அதற்கு மேல் பேசவில்லை. பின்னாலிருந்து யாரோ போனை வாங்கி, காலையில் காப்பி குடிக்க எழுப்பினார்களாம், எழுந்திருக்கவில்லையாம் என்று சொன்னார்கள்.

வைத்திலிங்கம் கயிற்றை மேஸ்திரி சுப்பராயலு கையில் கொடுத்தார். "லோடு அனுப்பிடு. எங்கக்கா போயிடிச்சி" என்றார். சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் சௌந்தரம் அழுது முடித்து முகம் கழுவி, துணிப்பையோடு நின்றிருந்தாள். பைக்கு வெளியே தெரிந்தது வெளுத்த நீலம்.

"என்னா அது?"

"என் சேலை. அண்ணிக்கு."

"பழசயா?"

"அவுங்க கேட்டதத்தான் எடுத்தாறேன்."

"கேட்டாங்களா? நீயும் உன் வட்டமும் சேந்து அவுங்கள அப்பிடிச் சொல்ல வச்சீங்க. பொங்கலுக்கே எங்கக்கா வெறும் பையில கையவிட்டுத் தேடுச்சி, நீ பாக்கல. நான் பார்த்தேன். இன்னிக்கும் அதே மாதிரி வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றியா?"

சௌந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

கடலூரில் பஸ் மாறவேண்டும். இறங்கியதும் நேரே ஒரு ஜவுளிக்கடைக்குள் போனார். சௌந்தரம் உள்ளே வரவில்லை. வெயிலில் கடை வாசலிலேயே நின்றாள். துக்கத்துக்கு என்று சொன்னதும் கடைக்காரப் பையன் ஒதுக்குப்புறமாக இருந்த சேலைக் கட்டிலிருந்து இரண்டு சேலையை எடுத்துப் போட்டான். அது வேண்டாம், நல்லதாக எடு என்றார். கடைசியில் ஒரு அரக்குப் பட்டு எடுத்தார். பொங்கலுக்கு எடுக்க நினைத்தது அதே நிறம்தான். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். ஆலப்பாக்கம் தாண்டி சவுக்குத் தோப்புகள் வந்தன.

மேலவீதியில் கடையின் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரன் வீட்டுச் சாவு என்றால் கேட்கவேண்டுமா. கடைவீதி வியாபாரிகள், மொத்த வியாபாரிகள், தறிக்காரர்கள் என்று ஆளுக்கொரு சேலை கொண்டுவந்தார்கள். சிலர் பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் அப்படியே பிணத்தின் மேல் வைத்தார்கள். பின்கட்டுத் தெருப் பெண்கள், தில்லையம்மாளோடு துணி மாற்றிக்கொண்டவர்கள், கையில் ஒன்றும் இல்லாமல் வந்து காலடியில் உட்கார்ந்திருந்தார்கள். இது என்ன வெறுங்கை என்று பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். தில்லையம்மாள் முகம் மட்டும் வெளியே தெரிய, நிறைய நிறங்களுக்குள் கிடந்தாள். வைத்திலிங்கம் அந்த முகத்தைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதார். தூக்கி வளர்த்தவள் அவள்.

வெயில் சாய்ந்ததும் குளிப்பாட்ட எடுத்தார்கள். பின்கட்டில் நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். வைத்திலிங்கம் மறைப்புக்கு வெளியே தட்டில் அரக்குப் பட்டோடு நின்றார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. பேச்சு தடித்தது.

"என்னா அத்த இது, பழைய சேலையக் கட்டறீங்க?" மருமகள் இளமதியின் குரல்.

"இது பொறந்தவூட்டுச் சேலைம்மா. முதல்ல இதத்தான் கட்டணும்" என்றாள் சௌந்தரம்.

"கிழிசலத் தச்சிருக்குது. எங்க மாமியாருக்குக் கட்ட வேற துணியா இல்ல? கடையே நம்மது. வெளிய அத்தினி பேரு நிக்கறாங்க."

"அண்ணி என்னயத்தான் கேட்டாங்க."

"நீங்க சொன்னா ஆச்சா? வெளிய அவுங்க தம்பி நிக்கறாரு, அவரே சொல்லட்டும்." மறைப்புக்கு மேலே இளமதியின் தலை தெரிந்தது. "மாமா, பொறந்தவூட்டுக் கோடி எது? நீங்க வச்சிருக்கறதா, இவுங்க வச்சிருக்கறதா?"

பின்கட்டில் நின்ற அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். செந்தமிழ்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா கடற்கரையில் சொன்னது வைத்திலிங்கத்துக்குக் காதில் கேட்டது. பொங்கலன்று பையைத் துழாவிய கை கண்ணில் தெரிந்தது. சொன்னது வாய், துழாவியது கை. கையைத்தான் அவர் நம்பினார்.

"இதான் கோடி" என்று தட்டை மறைப்புக்கு மேலே நீட்டினார்.

இளமதி வாங்கிக்கொண்டாள். பிறகு மறைப்பை விலக்கியபோது தில்லையம்மாள் அரக்குப் பட்டில் இருந்தாள். பட்டு நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் "தம்பி கொற வைக்கல" என்றார்கள். அதைக் கேட்டதும் வைத்திலிங்கத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. சௌந்தரம் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தூண் பக்கம் போய் நின்றாள். பழைய சேலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். சுடுகாட்டில் பிணத்தை இறக்கினதும், அங்கே வேலை பார்க்கும் சாமிக்கண்ணு மேலே கிடந்த மாலைகளை எடுத்துப் போட்டுவிட்டுச் சேலைகளை வாரத் தொடங்கினார். போகிற உடம்போடு பிறந்த வீட்டுக் கோடி மட்டும்தான் போகும், மற்றதெல்லாம் எடுத்துவிடவேண்டும். பச்சை, மஞ்சள், ரோஜா என்று ஒவ்வொன்றாக வந்தது. பிளாஸ்டிக் கவர்கள் தனியே ஒரு குவியல். எந்தச் சேலை யார் போட்டது என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. அரக்குப் பட்டும் சுற்றின சுற்றில் கொஞ்சம் நெகிழ்ந்து விலகியிருந்தது. இடுப்புப் பக்கம் அதற்கு அடியில் வெளுத்த நீலம் தெரிந்தது.

வைத்திலிங்கம் குனிந்து பார்த்தார். நீலத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். கரும்புத் தோகை அறுத்த கிழிசல், அதே நிறத்து நூலில் நெருக்கி நெருக்கிப் போட்டது. கொல்லைக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது கிழிந்தது அது, அவர் எதிரிலேயே கிழிந்தது. மறைப்புக்குள் சண்டை முடிந்த பிறகு, பட்டைச் சுற்றுவதற்கு முன்னால் சௌந்தரம் இதைக் கட்டியிருக்கிறாள். இளமதியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். மேலே பட்டு வந்துவிட்டால் போதும் என்று விட்டிருப்பாள்.

"பொறந்தவூட்டுக் கோடி எதுங்க?" என்று கேட்டார் சாமிக்கண்ணு. "அத மட்டும் விட்டுட்டு மத்தத எடுத்துடறேன்."

செந்தமிழ்செல்வன் பட்டைக் காட்டக் கையைத் தூக்கினான். வைத்திலிங்கத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் கோபம் நிற்கவில்லை. அந்தக் குவியலைப் பார்த்தார். பட்டும் அதில் ஒன்றுதான். எடுத்துப் போட்டால் மற்றதோடு மற்றதாகக் கிடக்கும். அக்கா உடம்பில் ஒட்டிக் கிடந்தது ஒன்றுதான் ஒரு மனுஷி கட்டின துணி. கை துழாவியது நிஜமாகவே இருக்கட்டும். வாயைத் திறந்து சாமிக்கு முன்னால் சொன்னாளே, அதையும் ஒருதரமாவது சொன்னபடியே கேட்டால் என்ன.

"உள்ள இருக்கற நீலம்" என்றார். "அதான் எங்க வூட்டுக் கோடி. பட்டையும் எடுத்துடு."

"மாமா" என்றான் செந்தமிழ்செல்வன்.

"எடுத்துடச் சொல்லுடா. போதும்."

சாமிக்கண்ணு பட்டை உருவி மடித்தார். தில்லையம்மாள் நீலத்தில், கொல்லைக்கு வந்துபோகிற பெண்பிள்ளை மாதிரி, சின்ன உருவமாகக் கிடந்தாள். முகம் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு இருவரும் ஊருக்குப் புறப்பட்டார்கள். பஸ்ஸில் சௌந்தரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் வைத்திலிங்கம் எதிர்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கடைசில எது இருந்துச்சி?" என்று அவள்தான் கேட்டாள்.

"உன் சேலைதான்."

சௌந்தரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரே மேலே பேசினார்.

"இருந்தாலும் ஒண்ணுதான் மனசுல அறுக்குது. பொங்கலுக்கு அந்தப் பையில கைய விட்டுத் துழாவுனாங்களே. புதுசு இருக்குதான்னு பார்த்துட்டு, இல்லன்னதும் சிரிச்சாங்க. அத எப்பிடி மறக்கறது?"

சௌந்தரம் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"புதுசுக்கா? இல்லீங்க. அவுங்க பார்த்தது இந்த நீலச் சேலையத்தான். மாசி மகத்தப்பவே கேட்டாங்க, இது பூ மாதிரி மெத்துனு இருக்குதுடி, இத எனக்குக் குடுத்துடுன்னு. நீங்க கெழங்கு வாங்கப் போயிருந்தீங்க. இது இல்லாம போயிச் சேர மாட்டேன், பாத்துக்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க. பொங்கலுக்குக் கொண்டாறேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள தோகை அறுத்துக் கிழிஞ்சிடிச்சி. தச்சிக் குடுக்கலாமேன்னு எடுத்து வச்சிட்டேன். அப்புறம் வெட்டு உத்தரவு, அது இதுன்னு..." அவள் நிறுத்தினாள். "முந்தாநேத்து ராவுலதான் தையலே முடிச்சேன். விடிஞ்சா போன் வருது."

"இத ஏன்டி நேத்தே எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வுட்டீங்களா?"

அக்காவின் வாயும் கையும் ஒன்றையேதான் கேட்டிருக்கின்றன. நடுவில் நின்று இரண்டுக்கும் வேறு வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டவர் அவர். கடலூர் வந்து இறங்குகிறவரைக்கும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகினார்கள். சுப்பராயலு வந்து, லோடு ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதையும், வெட்டின காணியில் சோகை கிடப்பதையும் சொல்லி, கொளுத்திவிடவா என்று கேட்டார். வேண்டாம், பரப்பிவிடு என்றார் வைத்திலிங்கம். சௌந்தரம் சோறு வடித்து, வெறும் மிளகு ரசம் வைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். இரண்டாம் கரண்டிக்குக் கை தானாக முன்னால் வந்தது.

"போதும்."

சௌந்தரம் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். வைத்திலிங்கம் பாதி நனையாமல் கிடந்த சோற்றைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். முந்தின நாளிலிருந்து சாப்பிடாத வயிறு.

"பசிக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

அவள் எழுந்து ஊற்றினாள்.